அப்பாவின் மாத்திரை வந்த வழி

என் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். தெரியவந்தபோதே இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. நாலாவது ஸ்டேஜ் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் எல்லோரும் மனதுக்குள் ஒரு முடிவுக்கே வந்துவிட்டோம். அப்பா இன்றும் எங்களோடு இருக்கிறார். காலையில் பேப்பர் வர ஐந்து நிமிடம் தாமதமானால் வாசலில் நின்று பையனைத் திட்டுகிறார். மழை தூறினால் மொட்டைமாடித் துணியை எடுக்க முதல் ஆளாக ஏறுகிறார்.

இப்போது உறவிலோ நட்பிலோ யார் வீட்டில் இந்த நோய் வந்தாலும் எனக்குப் போன் வருகிறது. புது மருந்து ஏதாவது வந்திருக்கிறதா, அது நமக்குக் கட்டுப்படியாகுமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். போனில் பாதி சொல்வதற்குள் எதிர்முனையில் அழுகை வந்துவிடுகிறது, மீதி விட்டுப்போகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. நோயாளியின் மகனாக, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தபோது கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி ஆண்களுக்கு இருக்கும் சுரப்பி. வயதானால் அது பெருப்பது சகஜம். இரவில் நாலைந்து முறை எழுந்து போவதை 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவதும் நம் வீடுகளில் சகஜம். அப்பா முதுகுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டினார். அது எலும்புக்குள் இருந்து வந்த வலி என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசியில் சிறுநீர் அடைத்துக்கொண்டு டியூப் போட வேண்டி வந்தபோதுதான் ரத்தத்தில் பிஎஸ்ஏ பார்த்தார்கள். புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம் அது, நோய் வளர்ந்தால் ரத்தத்தில் ஏறும். நம் நாட்டில் பலருக்கும் இந்த நோய் இப்படித்தான், பரவிய பிறகு, தெரியவருகிறது. லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024ல் ஒரு கணக்குச் சொன்னது: 2020ல் உலகம் முழுக்க ஆண்டுக்கு 14 லட்சமாக இருந்த புதிய நோயாளிகள் 2040ல் 29 லட்சமாக ஆவார்கள். கூடப்போகிறவர்களில் பெரும்பங்கு நம்மைப் போன்ற நாடுகளில்தான். காரணம் எளிது, நம் ஆண்கள் இப்போது முன்பைவிட அதிக நாள் வாழ்கிறார்கள்.

இந்தப் புற்றுநோய்க்கு உணவு ஆண் ஹார்மோன். 1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், விரைகளை நீக்கி டெஸ்டோஸ்டிரோனை நிறுத்தினால் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்கூடச் சுருங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966ல் நோபல் பரிசும் வந்தது. அதிலிருந்து இன்றுவரை சிகிச்சையின் அடித்தளம் இதுவே. ஊசி போட்டோ அறுவை செய்தோ ஹார்மோனை நிறுத்துகிறார்கள். பிஎஸ்ஏ சரசரவென்று இறங்கும், வலி குறையும், ஆள் எழுந்து நடப்பார். ஒன்றிரண்டு வருடத்தில், சிலருக்கு இன்னும் தள்ளி, மறுபடி ஏறத் தொடங்கும். ஹார்மோன் இல்லாமலேயே நோய் வளரப் பழகிவிட்டது என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். அப்புறம் கையில் பெரிதாக எதுவும் இல்லை. 2004ல் டோசிடாக்ஸல் என்ற கீமோ மருந்து சில மாதங்களைக் கூட்டித் தருகிறது என்று நிரூபணமானது, அவ்வளவுதான்.

அந்த நினைப்பு தவறு என்று காட்டியது அபிராட்டிரோன் என்ற மாத்திரை. அப்பா காலையில் சாப்பிடுவது அதைத்தான். விரைகளை நிறுத்தினாலும் அட்ரினல் சுரப்பி கொஞ்சம் ஆண் ஹார்மோன் தயாரிக்கிறது, புற்றுநோய்ச் செல்லே தனக்கு வேண்டியதைத் தயாரித்துக்கொள்ளவும் செய்கிறது. இந்த எல்லா இடங்களிலும் அந்தத் தயாரிப்புக்கு வேண்டிய ஒரு நொதியை அபிராட்டிரோன் முடக்குகிறது. லண்டனில் உள்ள புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். உரிமம் வாங்கிய முதல் கம்பெனி ஆர்வமில்லாமல் கைவிட்டது. ஹார்மோன் சிகிச்சை பலிக்காமல் போனவருக்கு இன்னொரு ஹார்மோன் மருந்து என்ன செய்துவிடும் என்ற பழைய நினைப்புதான் குறுக்கே நின்றது. மருந்து பல வருடம் கிடப்பில் கிடந்தது. பிறகு ஒரு சிறிய அமெரிக்க கம்பெனி 2004ல் எடுத்துக்கொண்டது. லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் யோஹான் டி போனோவின் குழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது, பலன் தெரிந்தது. 2009ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் அந்தச் சிறிய கம்பெனியையே ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2011ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கீமோ முடித்து வேறு வழியில்லாமல் இருந்தவர்களின் சராசரி ஆயுளை அது 10.9 மாதத்திலிருந்து 14.8 மாதமாக்கியது.

நாலு மாதம்தானா என்று கேட்கத் தோன்றும். நானும் கேட்டேன். ஆனால் இந்த மாத்திரையின் உண்மையான பலம் கடைசியில் கொடுக்கும்போது தெரியவில்லை, தொடக்கத்திலேயே கொடுத்தபோதுதான் தெரிந்தது. 2017 ஜூனில் இரண்டு பெரிய ஆய்வுகள் ஒன்றாக வெளியாயின. அதில் பிரிட்டனில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில் 1,917 பேர். ஹார்மோன் சிகிச்சை ஆரம்பிக்கும்போதே அபிராட்டிரோனையும் சேர்த்துக் கொடுத்தவர்களில் இறப்பு அபாயம் 37 சதவீதம் குறைந்தது. மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 76 சதவீதத்திலிருந்து 83 சதவீதமானார்கள். அப்பாவின் டாக்டர் முதல் மாதமே இதைச் சீட்டில் எழுதியதற்குக் காரணம் அந்த ஆய்வு. அதில் தங்கள் உடம்பை ஒப்படைத்த பிரிட்டிஷ் ஆண்களுக்கு, முகம் தெரியாவிட்டாலும், என் நன்றி உண்டு.

அவர்களுக்கு நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. மருந்து அவர்கள் நாட்டில் பிறந்தது. ஆய்வு அவர்கள் மருத்துவமனைகளில் நடந்தது. ஆனால் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத மாத்திரையின் பட்டியல் விலை 2,930 பவுண்டு. இங்கிலாந்தில் எந்த மருந்துக்கு அரசு பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் நைஸ் அமைப்பு 2012 தொடக்கத்தில் முடியாது என்று வரைவு வெளியிட்டது. நோயாளிகள் போராடினார்கள், கம்பெனி விலையைக் குறைத்தது, சில மாதத்தில் கீமோ முடித்தவர்களுக்கு மட்டும் சம்மதம் வந்தது. கீமோவுக்கு முன்னால் கொடுக்க 2016 வரை காத்திருந்தார்கள். 2017ல் ஸ்டாம்பீட் முடிவு வந்த பிறகும், புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலேயே கொடுப்பதை 2021ல் நைஸ் நிராகரித்தது, அந்த விலைக்குக் கட்டுப்படியாகாது என்று. பக்கத்தில் ஸ்காட்லாந்து அதற்கு முன்பே ஏற்றுக்கொண்டிருந்தது.

இன்னொரு கூட்டமும் உண்டு. நோய் இன்னும் பரவவில்லை, ஆனால் பரவும் அபாயம் அதிகம் என்ற நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு இரண்டு வருடம் அபிராட்டிரோன் கொடுத்தால், ஆறு வருடம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் 77 சதவீதத்திலிருந்து 86 சதவீதமாகிறார்கள் என்று ஸ்டாம்பீட் குழுவே கண்டுபிடித்தது. 2022ல் பிரிட்டனில் காப்புரிமை முடிந்து விலை பல மடங்கு சரிந்தது. ஸ்காட்லாந்தும் பிறகு வேல்ஸும் கொடுக்கத் தொடங்கின, இங்கிலாந்து ஆண்கள் மட்டும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். விலை இறங்கிய பிறகும் காத்திருக்க நேர்ந்தது ஏன் என்றால், பழைய மருந்தைப் புதிய நோயாளிக்குக் கொடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பிப்பதில் எந்தக் கம்பெனிக்கும் லாபம் இல்லை.

நம் ஊரில் கதை வேறு. 1970ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டும்தான். உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்ததால் 2005ல் அது மாறியது. அபிராட்டிரோனின் மூலக் காப்புரிமை 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்பதால் புதிய சட்டத்துக்குள் வரவில்லை. ஆகவே இந்தியக் கம்பெனிகள் இங்கே தாராளமாகத் தயாரித்தன. லண்டனில் நைஸ் கூடிக் கூடி விவாதித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நம் மருந்துக்கடைகளில் சிப்லா, கிளென்மார்க், சன் என்று பல கம்பெனிகளின் அபிராட்டிரோன் வந்துவிட்டது. அப்பா இன்று துணி எடுக்க மாடி ஏறுவதற்கு டாக்டரின் கைராசியோடு, நாடாளுமன்றத்தில் என்றோ நிறைவேறிய ஒரு சட்டமும் காரணம்.

அப்படியானால் நமக்குப் பிரச்சினை இல்லையா? இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை முதலில் உணர்ந்தது மருந்து டப்பாவைப் பார்த்தபோது.

சிகிச்சை தொடங்கிய தனியார் மருத்துவமனையின் உள்ளேயே இருந்த மருந்துக்கடையில் முதல் மாத டப்பாவை வாங்கினோம். மேலே அச்சிட்ட எம்ஆர்பியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஓய்வூதியக்காரர் வீட்டில் அந்தத் தொகையை மாதாமாதம் கொடுக்க முடியாது. அம்மா வளையலைக் கழற்றி வைத்துவிட்டார், நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டாம் மாதம் ஒரு நண்பர் சொல்லி, புற்றுநோய் மருந்து மொத்தமாக விற்கும் கடை ஒன்றுக்குப் போனேன். எம்ஆர்பியைச் சொல்லித் தயங்கினேன். "அதெல்லாம் பாக்காதீங்க சார், எத்தன மாசத்துக்கு வேணும், அத சொல்லுங்க" என்றார் கடைக்காரர். அதே மருந்து, வேறொரு நல்ல கம்பெனி, அச்சிட்ட விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. ரசீதும் கொடுத்தார். நான் ரசீதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் கடையைப் பற்றி யாரும் சொல்லாத வீடுகளில் என்ன நடக்கும்? நகையை விற்பார்கள், அல்லது மூன்றாம் மாதம் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தியவர்களை எனக்கே தெரியும்.

இது ரகசியமே இல்லை. ஜெனரிக் மருந்தில், அதாவது காப்புரிமைத் தடையில்லாமல் பல கம்பெனிகள் தயாரிக்கும் மருந்தில், கம்பெனி கடைக்குக் கொடுக்கும் விலைக்கும் டப்பாவில் அச்சிடும் விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பது அரசுக்கும் தெரியும். 2019 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வர்த்தக லாபம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று உத்தரவிட்டது, பல பிராண்டுகளின் விலை சட்டென்று விழுந்தது. ஹார்மோன் ஊசியான லூப்ரோலைடை 2022ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்து விலைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். சேர்ந்து வாங்கினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கும் நல்ல சாட்சி இருக்கிறது. மும்பையின் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை முன்னின்று நடத்தும் தேசியப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு, 23 மருத்துவமனைகளுக்குச் சேர்த்து 40 மருந்துகளை ஒரே பேரத்தில் வாங்கிப் பார்த்தது. மிச்சமானது 82 சதவீதம், ரூபாயில் சுமார் 1,320 கோடி. மருந்தின் உண்மை விலை எது என்பதை அந்த எண் ஓரளவு சொல்லிவிடுகிறது.

இப்போது மாத்திரையின் அளவைப் பற்றி ஒரு விஷயம். போன் செய்கிறவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை. வழக்கமான அளவு நாளைக்கு 1,000 மில்லிகிராம், அதாவது 250 மில்லிகிராம் மாத்திரை நான்கு, வெறும் வயிற்றில். கூடவே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. வெறும் வயிறு ஏன் என்றால், சாப்பாட்டோடு எடுத்தால் மருந்து உடம்பில் பல மடங்கு அதிகமாகச் சேரும். கொழுப்பு குறைந்த உணவோடு சுமார் 5 மடங்கு, எண்ணெய் பலகாரம் போன்ற கொழுப்பு மிகுந்த உணவோடு 10 மடங்கு. சிகாகோவில் ரஸல் ஸ்முலெவிட்ஸ் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் இதையே திருப்பிப் போட்டு யோசித்தார்கள். சாப்பாட்டோடு அவ்வளவு சேருமென்றால், ஒரே ஒரு மாத்திரையைக் கொழுப்பு குறைந்த காலை உணவோடு கொடுத்தால் போதாதா? 72 நோயாளிகளைக் கொண்டு பார்த்தார்கள். 2018ல் வெளியான முடிவுப்படி, பிஎஸ்ஏ குறைவதில் ஒரு மாத்திரைக்காரர்கள் நான்கு மாத்திரைக்காரர்களுக்குப் பின்தங்கவில்லை. சின்ன ஆய்வுதான், ஆயுளை அளக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவின் முக்கியமான புற்றுநோய் வழிகாட்டி நெறி இதை ஒரு மாற்று வழியாகச் சேர்த்துக்கொண்டது.

அப்பாவின் இப்போதைய டாக்டர் இதை விளக்கிச் சொல்லி, நாங்கள் சம்மதித்த பிறகு மாற்றினார். "ரெண்டு இட்லி, தொட்டுக்க சாம்பார். வடை வேணாம், நெய் வேணாம். தினமும் அதே நேரம், அதே மாதிரி சாப்பாடு" என்றார். அப்பாவுக்கு வடை போனதில் வருத்தம்தான். செலவு நாலில் ஒரு பங்கானது. பிஎஸ்ஏ ஏறவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையைக் குறைத்துவிடக் கூடாது, அதைவிட முக்கியம், நான்கு மாத்திரை எடுப்பவர் சாப்பாட்டோடு எடுத்துவிடக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கல்லீரல் பாதிக்கும். டாக்டரிடம் கேளுங்கள். கேட்டால் கோபப்படாத டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது.

கேட்காததால் தெரியாமல் போகிற இன்னொன்று அறுவை சிகிச்சை. ஹார்மோனை நிறுத்த மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஊசி போடலாம், ஆயுள் முழுக்க. அல்லது 1941லேயே ஹக்கின்ஸ் செய்த அந்த அறுவையை ஒரே ஒரு முறை செய்துகொள்ளலாம். சின்ன அறுவை, பெரும்பாலும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அரசு மருத்துவமனைகளில் செய்கிறார்கள். ஹார்மோனை நிறுத்துவதில் ஊசிக்கு இணையானது. ஊசியை நிறுத்தினால் ஹார்மோன் மெல்லத் திரும்பும், அறுவைக்குத் திரும்புதல் இல்லை, பெரிய வித்தியாசம் அதுதான். முதலில் பார்த்த மருத்துவமனையில் இந்த வழியைப் பற்றி வாயே திறக்கவில்லை. இரண்டாவது கருத்துக் கேட்கப் போன இடத்தில்தான் சொன்னார்கள்.

அன்று இரவு வீட்டில் நடந்த பேச்சு எளிதாக இல்லை. அப்பா தலைமுறை ஆண்கள் இதை மகனிடம் பேச மாட்டார்கள். நான் வெளியே போய்விட்டேன், அம்மாவும் அப்பாவும் பேசினார்கள். காலையில் அப்பா சொன்னார்: "மூணு மாசத்துக்கு ஒருக்கா யார் கையையும் நான் எதிர்பாத்துட்டு இருக்க முடியாது. ஆபரேஷனே பண்ணிடலாம்." அவர் முடிவு அது. வேறொருவர் ஊசியைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் நியாயமே. மனசுக்கு எது தாங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டையும் சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுக்க விட வேண்டும், மனைவியையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பதுதான் நான் எதிர்பார்ப்பது. உடம்பில் திடீரென்று பரவும் வெப்பம், தசை இளைப்பது, எலும்பு மெலிவது, காரணமில்லாமல் கண் கலங்குவது, இவையெல்லாம் எந்த வழியிலும் வரும். அப்பா டிவி சீரியல் பார்த்து அழுததை நான் அதற்கு முன் கண்டதில்லை. முன்கூட்டியே தெரிந்திருந்ததால் அம்மா பயப்படவில்லை.

அபிராட்டிரோனுக்கு ஒரு தம்பி மாதிரி என்சாலுட்டமைட். இது ஹார்மோன் தயாரிப்பைத் தடுப்பதில்லை, ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பியை அடைக்கிறது. சர்க்கரையை ஏற்றிவிடும் பிரெட்னிசோலோன் இதற்குத் தேவையில்லை, ஆகவே சர்க்கரை நோயாளிகளுக்கு இதைக் கொடுக்க விரும்புவார்கள். அலுப்பு அதிகம், வயதானவர்கள் தடுமாறி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது. இந்த மருந்தின் கதை இங்கிலாந்துக் கதையைவிட என்னைப் பாதித்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், அமெரிக்க அரசின் ஆய்வு நிதியில், மைக்கேல் ஜங், சார்லஸ் சாயர்ஸ் ஆகியோரின் குழுக்கள் இதை உருவாக்கின. 2012ல் அனுமதி கிடைத்தது. 2016ல் பல்கலைக்கழகம் தன் ராயல்டி உரிமையை விற்ற பேரம் 100 கோடி டாலரைத் தாண்டியது. மருந்தின் விலை அமெரிக்காவில் வருடத்துக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல். மக்கள் வரிப்பணத்தில் கண்டுபிடித்த மருந்து நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்றால், அரசு தலையிட்டு வேறு கம்பெனிக்கு உரிமம் கொடுக்க 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்று அங்கே இடம் தருகிறது. அதை வைத்து மனுப் போட்டார்கள். ஒரு கனடா கம்பெனி மாத்திரைக்கு 3 டாலர் வீதம் தரத் தயார் என்றது. 2016ல் மனு தள்ளுபடி. புராஸ்டேட் புற்றுநோயாளிகளே மறுபடி போட்ட மனுவையும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

அதே பல்கலைக்கழகம் இந்தியாவிலும் காப்புரிமை கேட்டது. இந்தியாவில் காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுத் தரலாம். அப்படி மருந்துக் கம்பெனிகளும் தனிநபர்களும் தந்தார்கள். 2016 நவம்பரில் டெல்லி காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது, ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறுகளிலிருந்து எட்டக்கூடியதுதான் இது என்று. பல்கலைக்கழகம் விடாமல் டெல்லி உயர் நீதிமன்றம் போனபோது, அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களே அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால் மனசு நிறைகிறது. இன்று இந்தியாவில் என்சாலுட்டமைட் பல கம்பெனிகளின் பெயரில் கிடைக்கிறது. அப்பாவுக்கு ஒருநாள் தேவைப்பட்டாலும் கிடைக்கும் என்ற தெம்பு எனக்கு அங்கிருந்து வருகிறது.

புதிய வரவுகளில் எல்லோரும் என்னிடம் கேட்பது லூட்டீசியம். புராஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் பிஎஸ்எம்ஏ என்ற புரதம் நிறைய இருக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டும் ஒரு மூலக்கூறில் கதிரியக்க லூட்டீசியம்-177ஐக் கட்டி ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது எலும்புக்குள் இருக்கும் புற்றுச் செல்லோடு ஒட்டி, பக்கத்தில் இருந்தே கதிர்வீச்சுக் கொடுக்கிறது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஆறு தவணை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் உருவானது. 2021ல் வெளியான 831 பேர் ஆய்வில், எல்லா மருந்தும் முடிந்தவர்களுக்கு ஆயுள் 11.3 மாதத்திலிருந்து 15.3 மாதமானது. 2022 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. அப்போது ஒரு தவணை விலை 42,500 டாலர். விரைவிலேயே தட்டுப்பாடு வந்து, 2023ல் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதே கொஞ்ச காலம் நின்றது. லூட்டீசியம் ஏழு நாளுக்குள் பாதியாகக் கரைந்துவிடும், வாங்கி அடுக்கி வைக்க முடியாது. இங்கிலாந்தில் நைஸ் 2023ல் இதையும் வேண்டாம் என்றது.

இதிலும் நம் நாட்டுக்கு ஒரு பலம் உண்டு. டெல்லி எய்ம்ஸில் டாக்டர் சந்திரசேகர் பாலின் குழு அமெரிக்க அனுமதிக்குப் பல வருடம் முன்பே இந்தச் சிகிச்சையைச் செய்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறது. மும்பை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா அணு உலையில் லூட்டீசியம்-177 தயாராகிறது. தமிழ்நாட்டிலும் செய்கிறார்கள். ஆனால் இது மாத்திரை மாதிரி ஊர் ஊராகப் போகாது. அணு மருத்துவத் துறை, கதிரியக்கக் கழிவைத் தேக்க இடம், உடம்பில் பிஎஸ்எம்ஏ எங்கெங்கே இருக்கிறது என்று ஒளிரவைத்துக் காட்டும் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் எல்லாம் வேண்டும். அதெல்லாம் பெரிய நகரங்களில்தான் இருக்கிறது. நான் விசாரித்த தனியார் இடங்களில் ஒவ்வொரு தவணையும் லட்சத்தைத் தாண்டுகிறது. ஸ்கேனில் பிஎஸ்எம்ஏ ஒளிராதவர்களுக்கு இது பலன் தராது, ஆகவே ஸ்கேனுக்கு முன்பே வீட்டை அடமானம் வைக்க ஓடாதீர்கள்.

பிஆர்சிஏ என்ற, குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு ஓலாபரிப் என்ற மாத்திரை வேலை செய்கிறது. குடும்பத்தில் அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள், பலர் இது வேறு அது வேறு என்று சொல்லாமல் விடுகிறார்கள். ஆரம்பத்திலேயே உடல் தாங்குமானால் டோசிடாக்ஸல் கீமோவும் நல்ல பலன் தருகிறது, அது இப்போது விலை மலிந்த மருந்து. கீமோ என்ற பெயருக்கே பயந்து மறுக்க வேண்டாம்.

நான் இனி எதிர்பார்ப்பது நம் அரசிடம்தான். உலக சுகாதார நிறுவனம் 2019லேயே அபிராட்டிரோனை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நான் அலைந்த ஒரு அரசு மருத்துவமனையில் ஒரு மாதம் இருந்தது, அடுத்த மாதம் 'ஸ்டாக் இல்லை, அப்புறம் வாங்க' என்றார்கள். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர் எனக்கு முன்னால் அந்தப் பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பினார். மொத்தமாக வாங்கி மாவட்டம் மாவட்டமாக அனுப்புவதில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1990களிலிருந்து நாட்டுக்கே முன்மாதிரி. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கிடைப்பது போல இந்த மாத்திரையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு மாதம்கூட விடாமல் கிடைக்க வேண்டும். கூடவே, கூட்டாக வாங்கும் விலை என்ன என்று தமிழில் எல்லோரும் பார்க்கிற மாதிரி ஒட்ட வேண்டும். அந்த ஒரு எண் தெரிந்தால் எந்தக் கடையில் போய்க் கேட்பது, எவ்வளவு கேட்பது என்று ஒரு கிராமத்து மகளுக்கும் தெரிந்துவிடும்.

அப்பாவின் பிஎஸ்ஏ கடந்த பரிசோதனையில் கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஒரு தடவை ஏறியதை வைத்து எதையும் மாற்ற வேண்டாம், மறுபடி பார்க்கலாம் என்கிறார் டாக்டர். அடுத்ததும் ஏறினால் பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன். எந்த எந்த ஊரில் எவ்வளவு ஆகும், முதல்வர் காப்பீட்டில் எது வரும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். வேண்டியவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். நீங்கள் வாங்கும் கடையில் அபிராட்டிரோன் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று கம்பெனி பெயரோடு எனக்குச் சொன்னால் அதையும் சேர்த்துக்கொள்வேன்.